சாயும் எழுத்து, சாயாத கட்டம்

எழுத்துரு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் சம அகல எழுத்துருக்களின் சாய்ந்த வடிவம் பற்றியவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். தட்டச்சு இயந்திரத்தில் போல ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டம் ஒதுக்கும் எழுத்துருதான் சம அகல எழுத்துரு. மோனோஸ்பேஸ் என்றால் கணினிக்காரர்களுக்கு உடனே புரியும். இதில் நாம் பேசுவது செரிஃப் (எழுத்து முனைகளில் வரும் சிறு குறுக்குக் கோடு) இல்லாத, வலப்பக்கம் சாய்ந்த வகை.

கேள்வி: வேர்டில் எந்த ஃபான்ட்டை எடுத்து இட்டாலிக் பொத்தானை அழுத்தினாலும் சாய்ந்துவிடுகிறது. பிறகு ‘லெட்டர் காத்திக் ஸ்லான்டட்’ என்று தனியாக ஒரு சாய்ந்த எழுத்துரு எதற்கு?
– டிடிபி மையம் நடத்துபவர், விருதுநகர்

பொத்தானை அழுத்தும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. அந்த எழுத்துருக் குடும்பத்தில் சாய்வுக்கென்று தனிக் கோப்பு இருந்தால் மென்பொருள் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நேர் எழுத்தையே கணக்குப் போட்டுச் சாய்த்துவிடும். அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகங்களைப் பக்கவாட்டில் தள்ளுவது போலத்தான் அந்தக் கணக்கு: எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டிலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதை ஒரு எண்ணால் பெருக்கி அந்த அளவு வலப்பக்கம் தள்ளுவது. 10 டிகிரிச் சாய்வுக்கு அந்த எண் 0.176, 12 டிகிரிக்கு 0.213.

எண்களை வைத்துப் பார்த்தால் கோளாறு தெரியும். எழுத்துருவின் முழு அளவு 1000 அலகு, கட்டம் 600 அலகு, கோட்டின் தடிமன் 80 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ‘ஓ’ எழுத்தை 10 டிகிரி சாய்த்தால் அதன் வலது மேல் வளைவும் இடது கீழ் வளைவும் சுமார் 87 அலகுக்குத் தடிக்கும். இடது மேலும் வலது கீழும் 73க்கு மெலியும். நேர்த்தண்டு 79க்கு வரும். ‘வி’ எழுத்தில் இடக்கோடு ஏறக்குறைய 84, வலக்கோடு 75. ஒரே எழுத்துக்குள் இப்படி ஏறி இறங்கினால் பத்தி முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆளை உட்கார வைத்துச் செய்த சாய்வு எழுத்துருவில் இந்த வளைவுகளைக் கையால் திருத்தி மறுபடி 80க்கு அருகில் கொண்டுவந்திருப்பார்கள்.

இது எல்லா எழுத்துருவுக்கும் பொது. சம அகல எழுத்துருவுக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. எழுத்து சாய்கிறது, கட்டம் சாய்வதில்லை. ‘எம்’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 600 அலகுக் கட்டத்தில் இருபுறமும் 40 விட்டு 520 அகலத்தில் நிற்கிறது, உயரம் 700. அடிக்கோட்டை மையமாக வைத்துச் சாய்த்தால் அதன் வலது உச்சி 683ல் போய் நிற்கும், அதாவது அடுத்த கட்டத்துக்குள் 83 அலகு நுழைந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் எழுத்தின் பாதி உயரத்தை மையமாக வைத்துச் சாய்ப்பார்கள். அப்போது இடது கீழே 22, வலது மேலே 22 என்று மீறல் இருபுறமும் சமமாகப் பங்காகும். அதோடு ‘எம்’மையே 480 அகலத்துக்கு ஒடுக்கினால் இருபுறமும் இரண்டே அலகு மீறலோடு அடங்கிவிடும். அகலமான எழுத்து ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். பொத்தானுக்கு இது தெரியாது.

சாய்வு எழுத்துகள் மட்டுமே வரிசையாக வரும்போது இந்த மீறல் கண்ணை உறுத்தாது. பக்கத்து எழுத்தும் அதே கோணத்தில் விலகி நிற்கும். சாய்வு முடிந்து நேர் எழுத்து தொடங்கும் இடம்தான் வில்லங்கம். சாய்ந்த ‘டி’யோ ‘எஃப்’போ வந்து, அடுத்து நேரான அடைப்புக்குறி வந்தால் இரண்டும் மோதும். எந்தச் சாய்வு எழுத்துருவை வாங்கினாலும் முதலில் அந்த இடத்தைச் சோதியுங்கள்.

செரிஃப் இல்லாத எழுத்துருவில் ‘ஐ’, சிறிய ‘எல்’ ஆகியவற்றுக்கு மட்டும் அடியிலும் தலையிலும் குறுக்குப் பட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒல்லியான எழுத்து 600 அலகுக் கட்டத்தில் தனியே நின்றால் இரண்டு பக்கமும் பள்ளம் விழும். பட்டை அதை நிரப்புகிறது. சாய்த்தாலும் அந்தப் பட்டைகள் கிடைமட்டமாகவே இருக்கும், வரியின் கட்டுக்கோப்பைக் காப்பவை அவைதான்.

கேள்வி: பழைய பில்லிங் மென்பொருளில் லெட்டர் காத்திக் 10 பாயின்டில் அச்சிட்டு வந்தோம். புதிய கணினியில் கன்சோலாஸ் எழுத்துருவை வைத்ததும், முன்பே அச்சிட்ட படிவத்தின் கட்டங்களில் தொகைகள் பொருந்தவில்லை. இன்னொன்று: தொகையைத் தடித்த சாய்வில் கேட்டால் லேசர் பிரின்டர் வேறு எழுத்தில் அடிக்கிறது.
– கணக்கர், ஈரோடு

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது அகலம். லெட்டர் காத்திக்கை ஐபிஎம் நிறுவனத்துக்காக ராஜர் ராபர்சன் 1956க்கும் 1962க்கும் இடையில் வரைந்தார். இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன். ஆப்டிமா எழுத்துருவை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கியதால் முதலில் தண்டுகளின் முனை சற்று விரிந்திருந்தது. பிறகு அதை விட்டுவிட்டார். ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரம் 1961 ஜூலை 31 அன்று வெளிவந்தது. அதில் எழுத்துகள் ஓர் உருண்டையின் மேல் இருக்கும். வேறு எழுத்து வேண்டுமானால் உருண்டையைக் கழற்றி மாட்டவேண்டும். அந்த இயந்திரங்களில் வழங்கிய கணக்கு ‘பிட்ச்’, அதாவது அங்குலத்துக்கு எத்தனை எழுத்து: பைக்கா என்றால் 10, எலைட் என்றால் 12.

கணினியில் லெட்டர் காத்திக்கின் கட்டம் எழுத்தளவில் 0.6 பங்கு. 10 பாயின்ட் வைத்தால் ஓர் எழுத்துக்கு 6 பாயின்ட். அங்குலம் 72 பாயின்ட் ஆகையால் 12 எழுத்து. கன்சோலாஸின் கட்டம் 0.55 பங்கு. அதே 10 பாயின்டில் ஓர் எழுத்துக்கு 5.5தான். ஆக 60வது இடத்தில் தொடங்கவேண்டிய தொகை ஏறக்குறைய 30 பாயின்ட், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேல், இடப்பக்கம் நகர்ந்துவிடும். கன்சோலாஸை விடமுடியாது என்றால் 10.9 பாயின்ட் வையுங்கள். இன்கன்சோலாட்டா, உபுண்டு மோனோ இரண்டின் கட்டம் 0.5 பங்கு; அவற்றுக்கு 12 பாயின்ட். கூரியர் நியூ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் புரோ ஆகியவை 0.6, அவற்றை அளவு மாற்றாமல் அப்படியே போடலாம். சாய்வு வடிவத்துக்கும் நேர் வடிவத்துக்கும் கட்டம் ஒன்றே என்பதால் ஒரு வரியில் இரண்டையும் கலந்தாலும் பத்திகள் நகராது.

வரிக்கு 80 எழுத்து வரும் (80 பத்தி) பட்டியலுக்கு 12 பிட்ச் ஏன் நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். 10 பிட்சில் 80 எழுத்துக்கு 8 அங்குலம் போய்விடும். இருபுறமும் மிஞ்சுவது 3.4 மில்லிமீட்டர். பல லேசர் பிரின்டர்கள் விளிம்பில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு அச்சிடாது. கடைசிப் பத்தி நறுக்கப்படும். 12 பிட்சில் 6.67 அங்குலம்தான் தேவை.

இரண்டாவது சிக்கல் பிரின்டருக்குள் இருக்கிறது. எச்பி லேசர்ஜெட் பிரின்டருக்குக் கட்டளை சொல்லும் பிசிஎல் 5 மொழியில் லெட்டர் காத்திக்கின் எண் 4102, கூரியரின் எண் 4099. பிரின்டரில் கூரியருக்கு நான்கு வடிவங்கள் உண்டு. லெட்டர் காத்திக்குக்கு நேர், தடிமன், சாய்வு என்று மூன்றே; தடித்த சாய்வு கிடையாது. பிரின்டர் எழுத்தைத் தேடும் வரிசையும் நமக்கு எதிரானது: குறியீட்டுத் தொகுதி, இடைவெளி வகை, பிட்ச், உயரம், சாய்வு, தடிமன், கடைசியாகத்தான் எழுத்துருவின் எண். நீங்கள் சாய்வும் தடிமனும் சேர்த்துக் கேட்டதும் இரண்டும் உள்ள கூரியர் முன்னுக்கு வந்துவிடுகிறது, 4102 என்ற எண்ணைப் பார்க்கும் கட்டத்துக்குள் முடிவு ஆகிவிடுகிறது. தொகையைத் தடிமனில் மட்டும் கேளுங்கள் (தடிமன் மதிப்பு 3, சாய்வு மதிப்பு 0). ‘திருத்தப்பட்டது’ போன்ற குறிப்புகளுக்குச் சாய்வு மட்டும் (சாய்வு மதிப்பு 1, தடிமன் 0). இல்லையென்றால் முழுப் பில்லையும் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பொதிந்து அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. லெட்டர் காத்திக்கின் பூஜ்யத்துக்குள் கோடோ புள்ளியோ இல்லை. பொருள் குறியீட்டு எண்களில் ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் கலந்து வருமானால், குறிப்பாகச் சாய்வில், அது உங்களுக்கு ஏற்ற எழுத்துரு அல்ல.

கேள்வி: ஒரு சிறு கவிதை நூலை முழுவதும் இந்தச் சாய்வு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். சம அகலத்தில் ‘ஐ’ பரந்தும் ‘எம்’ நெருங்கியும் நிற்பதால் சொல்லின் வடிவம் ஏற்கெனவே குலைந்திருக்கும். அதன்மேல் சாய்வும் சேர்ந்தால் அரைப்பக்கத்துக்குள் கண் அயர்ந்துவிடும். தலைப்பு, பக்க எண், ஓரக்குறிப்பு ஆகியவற்றில் நன்றாக இருக்கும்.

கேள்வி: நிரல் எழுதும்போது எதையெல்லாம் சாய்வில் காட்டலாம்? எந்த எழுத்துரு நல்லது? டெர்மினலில் சாய்வுக்குப் பதில் பின்னணி நிறம் தலைகீழாகத் தெரிகிறது.
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

சாய்வு என்பது எல்லைக்கோடு. கணினி இயக்கும் வரி இது, மனிதருக்கான குறிப்பு இது என்று பிரித்துக்காட்ட அது மிகவும் உதவும். ஆகவே கமென்ட் வரிகளுக்கு மட்டும் வையுங்கள் என்பது எங்கள் திடமான கருத்து. எடிட்டரின் சில தீம்கள் (நிற அமைப்புகள்) திறவுச்சொல், வகைப்பெயர், பண்புப்பெயர் என்று எல்லாவற்றையும் சாய்த்துவிடுகின்றன. ஒரே வரியில் நான்கு முறை சாய்ந்து நிமிர்ந்தால் முதல் பதிலில் சொன்ன மோதல் நான்கு இடத்தில் வரும்.

இரண்டு வகை இருக்கின்றன. நேர் எழுத்தின் உருவத்தை மாற்றாமல் சாய்த்துத் திருத்தியவை (ஆப்லிக் அல்லது ஸ்லான்டட்) ஒருவகை: டெஜாவூ சான்ஸ் மோனோ ஆப்லிக், லூசிடா சான்ஸ் டைப்ரைட்டர் ஆப்லிக், லெட்டர் காத்திக் ஸ்லான்டட். கையெழுத்துச் சாயலில் ‘ஏ’, ‘எஃப்’, ‘கே’ போன்றவற்றின் உருவத்தையே மாற்றியவை இன்னொருவகை: ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, ஆபரேட்டர் மோனோ. விக்டர் மோனோவிலும் ஐயோசெவ்காவிலும் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. நீண்ட கமென்ட்களைப் படிக்க முதல் வகையே நல்லது. இரண்டாவது வகை ஒரு வரி இரண்டு வரிக்கு அழகு.

கோணத்தைப் பாருங்கள். ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ 9 டிகிரி, ஐயோசெவ்கா 9.4, டெஜாவூ 11. கிட்ஹப் 2023ல் வெளியிட்ட மோனாஸ்பேஸில் 0 முதல் 11 வரையும், ரிகர்சிவில் 0 முதல் 15 வரையும் நீங்களே நகர்த்திக்கொள்ளலாம். ரிகர்சிவில் கர்சிவ் என்ற அச்சை (இப்படி நகர்த்தும் அளவுகோலை) 0 என்று வைத்தால் உருவம் மாறாமல் சாய்வு மட்டும் வரும். இணையப் பக்கத்தில் இவற்றைப் பயன்படுத்துவோர் குறியில் தடுமாறுவார்கள்: எழுத்துருவின் சாய்வு அச்சில் வலச்சாய்வு கழித்தல் எண் (−10), இணையப் பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ஆப்லிக் கட்டளையில் அதே வலச்சாய்வு கூட்டல் எண் (10 டிகிரி). கோணமே சொல்லாமல் ஆப்லிக் என்று மட்டும் எழுதினால் சிஎஸ்எஸ் 14 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். குறியீட்டுப் பகுதிக்கு அது அதிகம்.

ஃபிரா கோடில் சாய்வு வடிவமே கிடையாது. அதில் கமென்ட் சாய்ந்து தெரிந்தால், எடிட்டர் கணக்குப் போட்டுச் சாய்த்தது என்று பொருள். சோர்ஸ் கோட் புரோவும் 2012ல் சாய்வு இல்லாமல்தான் வந்தது, 2015ல் சேர்ந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பழைய 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) திரை என்றால் இன்னொன்று. 10 டிகிரியில் ஒரு தண்டு 5.7 பிக்சல் உயரத்துக்கு ஒரு முறை வலப்பக்கம் ஒரு பிக்சல் தாவும். 13 பிக்சல் எழுத்தில் சின்ன எழுத்துகளின் உயரமே சுமார் 7 பிக்சல். ஆகவே தண்டு சாய்ந்ததாகத் தெரியாது, நடுவில் ஒடிந்ததாகத் தெரியும். அளவை 16க்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் சாய்வை விட்டுவிட்டுக் கமென்ட்டுக்கு மங்கிய நிறம் போதும்.

நிறம் தலைகீழாவது, ஒரே டெர்மினலைப் பல சன்னல்களாகப் பிரிக்கும் டீமக்ஸ் நிரலைப் பயன்படுத்துவோருக்கு வருவது. டெர்மினலுக்குச் சாய்வைத் தொடங்கச் சொல்லும் எண் 3, முடிக்கச் சொல்லும் எண் 23. ‘ஸ்க்ரீன்’ என்ற டெர்மினல் வகையின் விவரப்பட்டியலில் அதே 3 தனித்துக்காட்டலுக்கு (நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டுவதற்கு) ஒதுக்கப்பட்டிருக்கிறது. டீமக்ஸ் தன்னை ‘ஸ்க்ரீன்’ என்று அறிவித்துக்கொண்டால் சாய்வுக் கட்டளை தலைகீழ் நிறமாக முடியும். அமைப்புக் கோப்பில் இயல்பு டெர்மினலை ‘டீமக்ஸ்-256கலர்’ என்று மாற்றி, டீமக்ஸ் சர்வரை முழுதாக நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். சன்னலை மட்டும் மூடித் திறந்தால் பழைய அமைப்பே தொடரும்.

கேள்வி: விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்ட்டில் எழுத்துருப் பட்டியலில் சாய்வு எழுத்துரு வரவே மாட்டேன் என்கிறது.
– ஐடிஐ மாணவர், கடலூர்

வராது. அந்தச் சன்னலுக்கு மைக்ரோசாஃப்ட் விதித்த நிபந்தனைகளில் மூன்று இங்கே பொருந்தும்: சம அகலமாக இருக்கவேண்டும், இட்டாலிக்காக இருக்கக்கூடாது, எழுத்தின் எந்தப் பகுதியும் இடமோ வலமோ கட்டத்தை மீறக்கூடாது. சாய்வு எழுத்துரு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்கும். அந்தச் சன்னல் ஒவ்வொரு கட்டமாக அழித்து எழுதுவதால், மீறிய நுனி அடுத்த கட்டம் புதுப்பிக்கப்படும்போது வெட்டுப்படும். விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய நிரலை நிறுவிக்கொள்ளுங்கள், அது சாய்வைக் காட்டும்.

கேள்வி: திறந்த உரிமம் உள்ள ஒரு சம அகல எழுத்துருவுக்கு நானே சாய்வு வடிவம் செய்ய விரும்புகிறேன். எழுத்துரு வரையும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருள் ஓரளவு தெரியும். வரிசையாகச் சொல்லுங்கள்.
– வடிவமைப்பு மாணவி, சென்னை

முதலில் உரிமத்தைப் படியுங்கள். ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் சில எழுத்துருக்களின் பெயர் ஒதுக்கப்பட்டிருக்கும். மாற்றிய வடிவத்தை அந்தப் பெயரில் வெளியிடக்கூடாது. குடும்பப் பெயர், முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் மூன்றையும் மாற்றி வேறு கோப்பாகச் சேமித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

நேர் எழுத்துக்கான ட்ரூடைப் ஹின்டிங் கட்டளைகளை (எழுத்தைத் திரையின் பிக்சல்களோடு பொருத்துபவை) நீக்குங்கள். அவை தண்டு செங்குத்தாக இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை. சாய்ந்தபின் எழுத்தைக் கோணலாக்கும். மேற்குறியுள்ள எழுத்துகளின் இணைப்பை அவிழ்த்துத் தனி வடிவமாக்குங்கள். இணைப்போடு சாய்த்தால் அடி எழுத்து ஒருமுறையும் அதன் வழியாக மறுமுறையும் சாய்ந்து நிற்க வாய்ப்புண்டு.

இனி எழுத்துகளையும் எண்களையும் தேர்ந்தெடுத்து 10 டிகிரி வலப்பக்கம் சாயுங்கள். அடுத்து அனைத்தையும் இடப்பக்கம் நகர்த்தவேண்டும். சின்ன எழுத்தின் உயரம் 520 என்றால் பாதி 260, பெருக்கல் 0.176, ஆக 46 அலகு. நகர்த்தும் உரையாடல் பெட்டியில் அகலத்தையும் சேர்த்து மாற்றும் தேர்வு ஒன்று இருக்கும், அதை அணைத்துவையுங்கள். அணைக்காவிட்டால் கட்டம் 600லிருந்து 554 ஆகி, எழுத்துரு சம அகலத் தகுதியை இழக்கும். கேப்பிடல் எழுத்துகளுக்கு 62 வரை நகர்த்தலாம். 46லேயே விட்டால் வலப்பக்கம் தூக்கலாகத் தெரியும். நாங்கள் 54 அளவில் நிறுத்தச் சொல்வோம், அப்போது கேப்பிடலும் சின்ன எழுத்தும் அடுத்தடுத்து வரும்போது இடைவெளி ஒழுங்காக இருக்கும்.

எதைச் சாய்க்கக்கூடாது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெட்டி வரையும் கோடுகள், நிரப்புக் கட்டங்கள் ஆகியவை மேல்வரியோடும் கீழ்வரியோடும் ஒட்டவேண்டியவை. சாய்த்தால் வரிக்கு வரி அறுந்துபோகும். அடிக்கோட்டுக் குறி ( _ ) பழைய இடத்திலேயே இருக்கட்டும். டிகிரிக் குறி, உருள்புள்ளி இரண்டையும் வட்டமாகவே விடுங்கள். சாய்கோடும் செங்குத்துக் கோடும் தனிப் பிரச்சினை: செங்குத்துக் கோட்டை 10 டிகிரி சாய்த்தால் அது சாய்கோட்டின் தம்பியாகிவிடும், நிரலில் இரண்டும் வேறு வேறு பொருள். செங்குத்துக் கோட்டை நேராகவே விடுவது பாதுகாப்பு. பின்சாய்கோடு 25 டிகிரியில் இருந்தால் சாய்த்தபின் 16 ஆகிச் செங்குத்தை நெருங்கும். அதைப் புதிதாக வரையுங்கள்.

அடுத்து திருத்தம். வளைவுகளின் உச்சப்புள்ளிகள் சாய்த்ததும் இடம் மாறியிருக்கும். புதிய உச்சப்புள்ளிகளைச் சேர்த்து, ஆயங்களை முழு எண்ணாக்கி, கோட்டின் திசையைச் சரிபாருங்கள். பிறகு ‘ஓ’வைத் திருத்துங்கள்: வலது மேல், இடது கீழ் வளைவுகளை உட்பக்கத்திலிருந்து 5, 6 அலகு மெலியவையுங்கள், எதிர்மூலைகளைத் தடிக்கவையுங்கள். ‘பி’, ‘டி’, ‘கியூ’, ‘சி’, ‘ஈ’ எல்லாம் அதன் பிள்ளைகள். அவசரத்தில் ஓர் எழுத்தின் திருத்தத்தை நகலெடுத்து மற்றதில் புரட்டி ஒட்டாதீர்கள். நேர் எழுத்தில் சிறிய ‘பி’யை (p) 180 டிகிரி சுழற்றினால் ‘டி’ (d) வரும், இடவலம் மட்டும் புரட்டினால் சாய்வில் எதிர்த்திசை வந்துவிடும். 180 டிகிரி சுழற்றுவது செல்லும், கண்ணாடிப் பிம்பம் செல்லாது. ‘எம்’, ‘டபிள்யூ’ இரண்டுக்கும் அதிக நேரம் ஒதுக்குங்கள். சிறிய ‘எம்’மில் மூன்று தண்டு தலா 70, இருபுறமும் 35 விட்டால் உள்வெளிகள் தலா 160தான், நடுத்தண்டின் காலைச் சற்றுக் குட்டையாக்கினால் மூச்சு கிடைக்கும்.

கடைசியில் தகவல் அட்டவணைகள். சாய்வுக் கோணம் −10. வலச்சாய்வுக்கு இங்கும் கழித்தல்தான். சம அகலக் குறி இயங்கவேண்டும், பனோஸ் என்ற எழுத்துரு வகைப்பாட்டுப் பட்டியலில் விகிதம் 9. இட்டாலிக் என்பதைச் சொல்லும் இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும்; ஒன்றில் மட்டும் குறித்தால், சாய்ந்த எழுத்துருவையே மென்பொருள் மறுபடி சாய்த்து 20 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். செருகுக்குறியின் சரிவு 1000க்கு 176. எல்லாக் கட்டங்களும் 600 தானா என்று ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். 599 என்று ஓர் எழுத்து இருந்தாலும் சில மென்பொருள்கள் அந்த எழுத்துருவைச் சம அகலப் பட்டியலில் சேர்க்காது.

கேள்வி: பொறியியல் வரைபடத்தில் 75 டிகிரிச் சாய்வு எழுத்து என்கிறார்கள். ஆட்டோகேடில் 75 கொடுத்தால் எழுத்து படுத்துவிடுகிறது.
– பாலிடெக்னிக் மாணவர், நாமக்கல்

வரைபட எழுத்துக்கான ஐஎஸ்ஓ 3098 தரவிதி சொல்லும் 75 டிகிரி, தரைக்கோட்டிலிருந்து அளப்பது. ஆட்டோகேடின் சாய்வுப் பெட்டி செங்குத்திலிருந்து அளக்கிறது. 15 என்று கொடுங்கள். பெட்டி 85 வரை ஏற்கும், ஆகவே 75 கொடுத்தாலும் பிழை என்று சொல்லாது. உயரம் 3.5 மில்லிமீட்டர் என்றால் பி வகை எழுத்துக்குக் கோட்டின் தடிமன் பத்தில் ஒரு பங்கு, 0.35; ஏ வகைக்குப் பதினான்கில் ஒரு பங்கு, 0.25. பாகப்பட்டியலில் எண்கள் நேர்க்கோட்டில் நிற்கவேண்டுமானால் ‘மோனோடெக்ஸ்ட்’ என்ற சம அகல எழுத்தைத் தேர்ந்து 15 டிகிரி கொடுங்கள். ஏற்கெனவே சாய்ந்த எழுத்துக்கு மேலும் 15 கொடுக்காதீர்கள்.

கேள்வி: தமிழுக்கு இப்படியொரு சம அகலச் சாய்வு எழுத்துரு இருந்தால் நிரலில் தமிழ்க் குறிப்புகள் அழகாக வருமே?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

அகலம்தான் முதல் தடை. ‘ர’வையும் ‘ணை’யையும் ஒரே கட்டத்தில் வைத்தால் ஒன்று ஊதிப்போகும், மற்றது நசுங்கும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளிக்கு வண்டி நகராத விசை வைத்துச் சமாளித்தார்கள். கணினியில் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று இரு அகலங்களில் பிரித்தால் ஓரளவு சரிவரும். ஆனால் ‘கொ’ என்பது ஒருங்குறியில் இரண்டு குறியீடு, கண்ணுக்கு மூன்று துண்டு. ‘க்ஷ’ மூன்று குறியீடு, கண்ணுக்கு ஒரே வடிவம். டெர்மினல் ஒரு கணக்குப் போடும், எடிட்டர் இன்னொரு கணக்குப் போடும், பத்தி நகர்ந்துவிடும். எழுத்துரு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை அதனால் தீர்க்கமுடியாது.

சாய்வு அடுத்த தடை. தமிழ் அச்சில் அழுத்தம் காட்டத் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும்தான் வழக்கம். கணக்குப் போட்டுச் சாய்த்த தமிழில் புள்ளிதான் முதலில் பலியாகிறது. 700 அலகு உயரத்தில் நிற்கும் புள்ளி 10 டிகிரியில் 123 அலகு வலப்பக்கம் போகும். அடிக்கோட்டில் இருக்கும் எழுத்தின் கால் அசையாது. சிறிய அளவில் புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்று கண் தயங்கும். அடுத்த எழுத்தில் இகர விசிறி இருந்தால் இரண்டும் நெருங்கி அடைத்துக்கொள்ளும். கீழிறங்கும் ‘ழ’, ‘ற’ ஆகியவற்றின் வால்கள் எதிர்த்திசையில் இடப்பக்கம் போய் முந்தைய எழுத்தை இடிக்கும். கவனமாக வரைந்தால் முடியாதது அல்ல: நோட்டோ செரிஃப் தமிழ் குடும்பத்தில் ‘ஸ்லான்டட்’ என்று ஒரு சாய்வு வடிவம் இருக்கிறது. அது சம அகலமும் அல்ல, செரிஃப் இல்லாததும் அல்ல; ஆனாலும் புள்ளியையும் விசிறியையும் எங்கே நிறுத்துகிறது என்று வடிவமைப்பாளர்கள் பார்க்கவேண்டும்.

இப்போதைக்கு நிரலில் தமிழ்க் குறிப்பு எழுதுவோர் இப்படிச் செய்யலாம். எடிட்டரின் எழுத்துரு வரிசையில் ஆங்கிலச் சம அகல எழுத்துருவை முதலிலும், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை இரண்டாவதாகவும் எழுதுங்கள். தீமில் கமென்ட்டின் சாய்வை அணைத்து நிறத்தால் மட்டும் வேறுபடுத்துங்கள். இணையப் பக்கமாக இருந்தால் எழுத்துருச் செயற்கைச் சாய்வைத் தடுக்கும் சிஎஸ்எஸ் கட்டளையை ‘நன்’ (none) என்று வைத்தால், ஆங்கிலம் தன் சாய்வுக் கோப்பில் சாயும், தமிழ் நேராக நிற்கும். வரிசைப்படுத்த இடைவெளி விசையைத் தட்டாதீர்கள். அட்டவணை வேண்டுமென்றால் எண்களை இடப்பக்கப் பத்திகளிலும் தமிழை வரியின் கடைசிப் பத்தியிலும் வையுங்கள். அகலம் எப்படி மாறினாலும் அதற்கு வலப்பக்கம் நகர எதுவும் இருக்காது.